தென்கரைக்கு உரிமம் வேண்டாம்

“முப்பத்தி நாலு” என்றாள் அந்தப் பெண். “லைசென்ஸ் எங்க?”

அவளுடைய காக்கிச் சட்டை புதிது. கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. சட்டைப் பையின் மேல் பெனிட்டா என்று பெயர் இருந்தது. வெள்ளைப்பாறை அணையின் தென்கரை வாசலில் வழக்கமாக நிற்பவர் கார்வேந்தன், என் மனைவியின் அண்ணன். பாசியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து அவர் வீட்டில் கிடந்தார். அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவள் இவள்.

“எனக்கு லைசென்ஸ் வேண்டாங்க. விலக்கு இருக்கு.”

“என்ன விலக்கு?”

“துக்கம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மானியைப் பார்த்தாள். நான் திருப்பிக் கொடுத்த தூண்டிலின் கைப்பிடியில் வெள்ளிப் பட்டை ஒன்று பதித்திருக்கும். பிடித்திருப்பவரின் மகிழ்ச்சியை உள்ளங்கை வழியாக அது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டையில் மானியை மறுபடி அழுத்தினாள்.

“முப்பத்தி நாலுதான். பத்துக்குக் கீழ இருந்தாத்தான் துக்கம். அதுக்கு மேல போனா சந்தோஷம். தெரியும்லா?”

“தெரியும். எனக்கு எப்பவும் சைபர்தான் வரும்.”

“யாரு சொன்னா?”

“இங்க வழக்கமா நிக்கறவர்.”

அவள் மானியில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“ஆமா. அவரு பதிஞ்சிருக்காரு. சைபர், சைபர், சைபர். ஒரு வாரங்கூட ஒண்ணு ரெண்டு இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “இத்தனை நாளும் யாரு கையைக் கூட்டிட்டு வந்திய?”

அந்தக் குற்றச்சாட்டு எனக்குப் புரிந்தது. உரிமம் வாங்க மனமில்லாதவர்கள், வீட்டில் சாவு விழுந்த யாரையாவது அழைத்து வந்து தூண்டிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மானியில் ஒன்றும் ஏறாது. மீன் மட்டும் இவர்களுக்கு. அப்படி வருபவர்களுக்குக் கைக்காரர்கள் என்று பெயர். கல்யாணத்துக்குக்கூட யாரும் கூப்பிடாத விதவைகளுக்கு இந்தக் கரையில் நல்ல கிராக்கி.

துக்கத்தில் இருக்கும் நான் ஒரு துக்கக்காரரை வாடகைக்கு வைத்திருந்தேன் என்கிறாள்.

“ஏனுங் அம்மிணி, அந்தத் தம்பிய ஒண்ணுஞ் சொல்லாதீங்க” என்று எனக்குப் பின்னால் நின்ற துளசிமணி அக்கா சொன்னார். நூல் மில்லில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழம்புக்கு மீன் பிடிக்க வருவார். “பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு.”

“எனக்கு எப்படித் தெரியும்க்கா? போன மாசம் வேற அணையில ஒருத்தரு பொண்டாட்டி செத்துட்டான்னு தேம்பித் தேம்பி அழுதாரு. அந்த அம்மா எதிர்க்கரையில நாற்காலி போட்டு உக்காந்திருக்காவ. ஐஸ்கிரீம் வேற.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. தென்கரையில் சிறுவர்களையும் கிழவர்களையும் தவிர யாரும் சிரிப்பதில்லை. தூண்டிலை ஒப்படைத்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. வாசலுக்கு மேலே பலகை இருக்கிறது: ‘சந்தேகத்துக்குரிய மகிழ்ச்சியைக் கண்டால் அலுவலரிடம் தெரிவிக்கவும்.’

துளசிமணி அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. “மொதல்ல என்ன சொன்னாங்க? வெளையாட்டுக்குப் புடிக்கறவனுக்குத்தான் லைசென்சு, கொழம்புக்குப் புடிக்கறவளுக்கு வேண்டாமுன்னாங்க. செரி. அப்பறம் காரு வெச்சிருக்கறவனெல்லாம் நானும் கொழம்புக்குத்தான்னு சொன்னான். ஒடனே இந்தச் சிரிப்பு மிசினைக் கொண்டாந்துட்டாங்க. இப்ப கொழம்புக்குப் புடிச்சாலும் மனசுக்குள்ள சிரிக்கக்கூடாதாமா.”

“மனசுக்குள்ள சிரிச்சா அது பொழுதுபோக்குக்கா. சட்டம் அப்படி. பதினாறு வயசுக்குக் கீழ இருக்கவங்க, அறுபத்தஞ்சுக்கு மேல இருக்கவங்க, இவங்களுக்கு மானியே கிடையாது. எப்படி வேணா சிரிச்சிக்கிடலாம். சாப்பாட்டுக்குப் புடிக்கவங்களும் துக்கத்துல இருக்கவங்களும் பத்தைத் தாண்டக்கூடாது. தாண்டுனா லைசென்ஸ் எடுத்துட்டு வடகரைக்குப் போயிரணும்.”

என்னிடம் திரும்பினாள். “ஒரு வாரம் தாண்டுனா எச்சரிக்கை. அடுத்த வாரமும் தாண்டுனா இந்தக் கரையில உங்களுக்கு இடமில்ல. பாத்துக்கிடுங்க.”

அன்று நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். படியில் உட்கார்ந்திருந்தேன். மாவு உருண்டையை ஒரு ஜிலேபிக் கெண்டை முள்ளில் படாமல் கரம்பிக் கரம்பித் தின்றது. திரும்பத் திரும்ப உருட்டிப் போட்டேன். துளசிமணி அக்கா அந்த மீனை அரசாங்க அதிகாரி என்று திட்டினார். அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. முப்பத்தி நாலு எங்கிருந்து வந்தது?

மானி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். அல்லது அவள் தப்பாகப் படிக்கிறாள்.

*

சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வேதியியல் படித்தவன். வாங்குபவர் அனுப்பும் துணித்துண்டின் நிறமும் நாங்கள் ஏற்றிய சாயமும் பொருந்துகின்றனவா என்று கருவியில் வைத்துப் பார்ப்பேன். கண்ணை நம்பாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். கண்ணுக்குப் பசி உண்டு, தூக்கம் உண்டு, முதலாளி மேல் பயம் உண்டு. கருவிக்கு அதெல்லாம் இல்லை.

தாரணி காய்ச்சல் என்று படுத்தாள். அந்த வாரமே போய்விட்டாள். காரியம் முடிந்த பிறகு நான் பட்டறைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வந்தேன். கார்வேந்தன் மச்சான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். “மீனெல்லாம் புடிக்க வேண்டாம். சும்மா தூண்டிலப் புடிச்சுட்டு உக்காருங்க மாப்பிள்ளை. நானும் பக்கத்துலதான் இருப்பேன்.”

தாரணிக்கு மீன் வாசனையே ஆகாது. பக்கத்து வீட்டில் பொரித்தால் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு என்னை முறைப்பாள். அதனால் பிடிப்பதை நான் துளசிமணி அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன்.

வாசலில் கூட்டம் இல்லாத நேரத்தில் மச்சான் படிக்கு வந்து உட்கார்வார். தாரணியைப் பற்றிப் பேசுவோம். அவள் ஸ்கூட்டர் பழகியது, இட்லி மாவைக் கொட்டியது, அந்த மாதிரி. வேறு எங்கும் நான் அவள் பெயரைச் சொல்வதில்லை. கிளம்பும்போது அவர் மானியை அழுத்துவார். “சைபருங்க மாப்பிள்ளை” என்பார். நான் தலையாட்டுவேன்.

அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அது எனக்கு உதவியாக இருந்தது. பட்டறையில் ஏற்காடு போகக் கூப்பிட்டார்கள். சைபரில் இருப்பவன் ஏற்காட்டில் என்ன செய்வான்? போகவில்லை. அம்மா போனில் மறுமணப் பேச்சு எடுத்தாள். வேண்டாம் என்றேன். எனக்குள் ஒன்றும் இல்லை என்பதற்கு என்னிடம் அளவீடு இருந்தது.

பெனிட்டாவைப் பார்த்த மறுநாள் காலை, வழக்கம்போல் வெள்ளைப் பீங்கான் வில்லையைக் கருவியின் முன் வைத்தேன். இதுதான் வெள்ளை என்று தினமும் அதற்கு நினைவூட்ட வேண்டும். இல்லையென்றால் மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். வில்லையைத் திரும்பத் திரும்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடியது. ஆடத்தான் செய்யும். ஒரே துணியை எத்தனை முறை வைத்தாலும் எண் துளியும் ஆடவில்லையென்றால் கருவி செத்துவிட்டது. அல்லது யாரோ கையால் எழுதுகிறார்கள்.

சைபர், சைபர், சைபர். ஒரு வாரம்கூட ஒண்ணு ரெண்டு இல்ல.

இதைப் பயிற்சிக்கு வந்த ஒருவன் என்னிடம் கொண்டுவந்திருந்தால் அந்த இடத்திலேயே தாளைக் கிழித்திருப்பேன். என் எண்ணை மட்டும் நான் சோதிக்கவில்லை. மானியின் திரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்லும்போது எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

*

அணைக்குக் கீழே மீன்வள இலாகா குடியிருப்பில் மச்சான் தனியாக இருக்கிறார். கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் வைத்திருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் தாரணியின் படம். என் வீட்டில் இருக்கும் அதே படம், அதே சட்டம்.

“வாங்க மாப்பிள்ளை. காப்பி வெக்கட்டுங்களா?” எழப் பார்த்தார்.

“உக்காருங்க மச்சான். நான் வச்சுக்கறேன்.”

காப்பியைக் கொடுத்தேன். ஆற்றிக்கொண்டே கேட்டார். “புது ஆளு எப்புடீங்க? கறாராமா?”

“தூத்துக்குடிப் பக்கம். கறார்தான்.”

“மிசின் வெச்சுப் பாத்துச்சுங்களா?”

“பாத்தாங்க.”

“என்னன்னு சொல்லுச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறக்கும்போது அந்த ஆடாத சைபர்கள் நினைவுக்கு வந்தன.

“சைபர்” என்றேன்.

டம்ளர் பாதி வழியில் நின்றது. “சைபரா?”

“ஆமாங்க. எப்பவும் வர்றதுதானே.”

“ஆமாமா. எப்பவும் வர்றதுதான்.” ஒரு வாய் குடித்தார். டிவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “நெசமாவே சைபர்னு சொல்லுச்சுங்களா? மிசினை உங்களுக்குக் காட்டுச்சா?”

“இல்லீங்க. சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன்.”

அவர் தோள் இறங்கியது. காப்பி நன்றாக இருக்கிறது என்றார். நான் சர்க்கரை போட மறந்திருந்தேன்.

வாராவாரம் அந்தச் சொல்லை எனக்குச் சொன்னவர் அவர். என் வாயால் கேட்டதும் அவருக்கு ஏன் நம்ப முடியவில்லை?

பேருந்தில் வரும்போது ஒவ்வொன்றாக யோசித்தேன். தங்கை போன பிறகு தங்கை புருஷன் சிரித்துவிடக்கூடாது என்று காவல் இருக்கிறாரா? என் எண்ணை யாரிடமாவது காட்டுகிறாரா? மாமனார் வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? தாரணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் தாமதித்தேன் என்று நினைக்கிறார்களா? தாமதிக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிடுகிறது. அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்ததுகூட.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறும் பத்தைத் தாண்டினால் தென்கரை போய்விடும். தாரணியின் பெயரைச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை. மச்சான் எந்தப் பக்கம் என்பது அப்புறம்.

*

மறு ஞாயிறு துளசிமணி அக்காவிடம் கேட்டேன். “நீங்க எப்படிக்கா பத்துக்குள்ளயே நிறுத்தறீங்க?”

தென்கரையில் ஆளுக்கு ஒரு வழி. ஒருவர் வேப்பங்கொழுந்தை மென்றுகொண்டே இருப்பார். ஒருவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்வார். இறுக்கமான செருப்புப் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. பசிக்கு மீன் பிடிப்பவருக்கும் மீன் கொத்தினால் நெஞ்சு துள்ளத்தான் செய்யும். அதை மறைக்கத்தான் இவ்வளவும்.

“நானா? என்ற மாமியாள நெனச்சுக்குவேன் கண்ணு. தக்கை முங்குனா, ‘ஏண்டி, இதுக்குப் பேரு கொழம்பா’ன்னு அவ பின்னால நின்னு கேக்கற மாதிரி நெனச்சுக்குவேன். அஞ்சு தாண்டாது.”

“என் மாமியார் நல்லவங்கக்கா.”

“அடப் பாவமே. அப்ப என்ற மாமியாளையே எடுத்துக்க. உனக்கில்லாததா?”

விவரமும் கொடுத்தார். பெயர் நாச்சம்மா. பெரிய மூக்குத்தி. வெற்றிலையை மென்றுகொண்டே எதிரில் நின்று பேசுவார், சாறு நம் மேல் தெறிக்கும். எந்தச் சாப்பாட்டையும் முழுக்கத் தின்றுவிட்டுத்தான் குறை சொல்வார்.

நான் முயன்றேன். தூண்டிலைப் போட்டு நாச்சம்மாவைத் தண்ணீர் மேல் உட்காரவைத்தேன். தக்கை முங்கியது. இழுத்தேன். நல்ல கெண்டை. “முள்ளு ஜாஸ்தி” என்றார் நாச்சம்மா.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன்.

வாசலில் பெனிட்டா மானியை அழுத்தினாள். மறுபடி ஒருமுறை அழுத்தினாள்.

“பத்தொன்பது.”

துளசிமணி அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “என்ற மாமியா உன்னைக் காப்பாத்துலயே கண்ணு. அவ யாரைத்தான் காப்பாத்துனா.”

பெனிட்டா என்னைத் தனியாக அழைத்துப்போனாள். “உங்க மேல எனக்கு இப்ப சந்தேகம் இல்ல. இன்னிக்கு முழுக்க உங்களத்தான் பாத்துட்டிருந்தேன். வேற யாரும் தூண்டிலத் தொடல. நீங்க பொய் சொல்லல. உங்களுக்கே தெரியல, அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியாத சந்தோஷம் எப்படிச் சந்தோஷமாகும்?”

“அத மேல எழுதிக் கேளுங்க. எனக்குப் பத்துக்கு மேலயா கீழயான்னுதான் தெரியும்.” மானியைத் துணியால் துடைத்தாள். “எங்க அப்பா கடலுக்குப் போவாவ. வலை கனமா வந்தாக் கரையில நின்னு ஆடுவாவ. அத யாரும் எண்ணிப் பாக்கல.”

“அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?”

“அப்பா இப்ப கடலுக்குப் போகல.”

உரிமம் கொடுக்கும் கூடத்தை அவள் கையால் காட்டினாள். நான் அங்கே போனேன்.

உரிமம் வாங்க ஒரே ஒரு வாக்கியத்தைக் கேமரா முன்னால் சொல்ல வேண்டும். ‘நான் மகிழ்ச்சிக்காக மீன் பிடிக்கிறேன்.’ சொன்னேன். குரலில் தெளிவில்லை என்று கருவி நிராகரித்தது. மறுபடி சொன்னேன். மறுபடி நிராகரித்தது. கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்ன பிறகு உரிமம் வந்தது.

*

வடகரையில் குடைகள் இருக்கின்றன. சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள், எலுமிச்சை டீ, மெல்லிய பாட்டு. மீன்கள்கூட அங்கேதான் பெரிதாக இருக்கின்றன. இலாகா அந்தப் பக்கமாகத்தான் குஞ்சுகளை விடுகிறது.

அங்கே போன வாரம் மானி காட்டிய எண்ணைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் நெஞ்சில் தொண்ணூற்று இரண்டு இருந்தது.

“உங்க ஸ்கோர் என்ன ப்ரோ?”

“இன்னும் பாக்கல.”

“எழுபதுக்குக் கீழ வந்தா வெளியில சொல்லாதீங்க” என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் உள்ளங்கையைக் கைப்பிடியில் நன்றாக அழுத்திக்கொண்டார். அன்று முழுக்க அவர் தக்கையைப் பார்த்ததைவிட மற்றவர்களின் சட்டையைப் பார்த்ததே அதிகம். தென்கரையில் மறைக்கிறார்கள், இங்கே நடிக்கிறார்கள். இரண்டிலும் கண் பக்கத்து ஆள் மேல்தான்.

எனக்கு ஒரு கட்லா மாட்டியது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பத் தண்ணீரில் விட்டேன்.

தண்ணீருக்கு அப்பால் தென்கரைப் படிகள் சிறிதாகத் தெரிந்தன. வாசலில் யாரோ கோலூன்றி நின்றார்கள்.

கிளம்பும்போது வடகரை அலுவலர் மானியை அழுத்தினார். புருவத்தைச் சுருக்கினார். துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

“காட்டுங்க” என்றேன்.

அவர் தயங்காமல் காட்டினார். ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகி, மறுபடி ஒன்றானது.

ஆடியது. உண்மையான எண்.

“சார், உங்களுக்கு லைசென்சே தேவையில்லையே? யார் உங்களை இந்தப் பக்கம் அனுப்புனது?” அவருக்கு உண்மையிலேயே வருத்தம். “பத்துக்குக் கீழ இருக்கறவருக்கு லைசென்ஸ் குடுத்தா எங்களைத்தான் கேள்வி கேப்பாங்க. ரத்து பண்ணிடறேன். நீங்க தென்கரைக்குப் போயிடுங்க. இலவசம்தான்.”

*

அடுத்த ஞாயிறு காலை தென்கரைக்குப் போனேன். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் கட்டு சிறிதாகியிருந்தது. பெனிட்டா பொறுப்பை ஒப்படைக்க வந்தவள், சிறுவர்கள் பக்கம் நின்று கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் என்னைக் கண்டதும் எழுந்தார். கோல் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“அக்கட்ட போயிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க ஒண்ணு வந்துச்சு. நானே பாத்தேன்.”

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இங்க என்ன வந்துட்டிருந்துச்சு மச்சான்?”

கோலின் முனையால் மண்ணைக் கிளறினார். “மொத மாசமெல்லாம் நெசமாவே ஒண்ணுமில்லீங்க. சைபரு, ஒண்ணு, சைபரு. அப்பறம் மூணு நாலுன்னு வந்துச்சு. அதையும் சைபருன்னே போட்டேன். ரெண்டு நம்பருக்கு என்னன்னு உட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“துளசிமணியக்கா மீன் கழுவறப்ப வழுக்கித் தண்ணிக்குள்ள உக்காந்துச்சே, அன்னிக்குப் பதினேழு.”

அது எனக்கு நினைவிருந்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே, யாரும் சிரிக்கக்கூடாது, மிசினு இருக்குது என்று கையை நீட்டிக் கத்தினார். தாரணி போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் சிரிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

“எனக்குக் கோவம் வந்துச்சுங்க மாப்பிள்ளை. எந்தங்கச்சி போயி ஒரு வருசமாகல, இவுருக்கு அதுக்குள்ள பதினேழான்னு. உங்க மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சியில ஒண்ணுமில்ல. உங்களுக்கே தெரியல. அப்பறம் கோவம் போயிப் பயம் வந்துருச்சு.”

“என்ன பயம்?”

“நெசத்தச் சொன்னா லைசென்ஸ் எடுக்கோணும். எடுத்தா அக்கட்ட போயிருவீங்க. அக்கட்ட போனா நாலு பேரு பழக்கமாவாங்க. அப்பறம் ஒறம்பரைன்னு விருந்தாளியாட்ட வருசத்துக்கு ஒருக்கா வருவீங்க, அப்பறம் அதுவும் இருக்காது. அவ பேரச் சொல்லி நான் யாருகிட்டப் பேசறது? சொல்லுங்க.”

மாமனார் வீட்டுச் சதி, ஆஸ்பத்திரிப் பழி, நான் கற்பனை செய்த எல்லாம் அந்த மண்ணில் கோல் கிளறிய குழிக்குள் போய்விட்டன. ஆனால் என் கோபம் போகவில்லை.

“நான் ஒவ்வொரு வாரமும் அந்த சைபரை நம்பி வீட்டுக்குப் போனேன் மச்சான். எங்கயும் போகல. யார்கிட்டயும் பேசல. எனக்குள்ள எதுவுமே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது என் நம்பரு. எனக்கே சொல்லலீங்களே.”

“தப்புதானுங்க.”

சமாதானம் சொல்லியிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். அவர் உள்ளே போய் ஒரு தூண்டிலை எடுத்துவந்து நீட்டினார். நான் வாங்குவேனா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வாங்கினேன்.

படியில் துளசிமணி அக்கா எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். “அக்கட்ட டீ நல்லாருக்குமாமா?”

“எலுமிச்சை டீக்கா.”

“அய்யே. அதுக்குப் பேரு டீயா?” என்றார், அப்படியே அவர் மாமியார் குரலில். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு மானி இருக்கும் திசையைப் பார்த்தார்.

மச்சான் நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு அவர், தாரணி சின்ன வயதில் இதே அணைக்கு வந்து, மீன்களுக்குக் குளிக்கச் சோப்பு வேண்டும் என்று அழுது அப்பாவின் சோப்பைத் தூக்கித் தண்ணீரில் எறிந்த கதையைச் சொன்னார். மீன் வாசனைக்கு அன்றே வைத்தியம் பார்த்திருக்கிறாள். எனக்கு இது புதிது. இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உங்க நம்பரு ஏறிப்போயிருமுன்னு பயந்தேங்க” என்றார்.

தக்கை முங்கியதை மூன்று பேருமே கவனிக்கவில்லை. முள் வெறுமையாக வந்தது.

சாயங்காலம் வாசலில் தூண்டிலைக் கொடுத்தேன். மச்சான் கைப்பிடியில் மானியை அழுத்தினார். வழக்கமாகத் திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வார். இந்த முறை என் பக்கம் திருப்பினார்.

நாற்பத்து ஒன்று. நாற்பத்து இரண்டு. நாற்பத்து ஒன்று.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்ன வந்திருக்கு?” என்று கேட்டபடி பெனிட்டா அருகில் வந்தாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். பதியும் விரல் திரைக்கு மேலே நின்றது. இந்த முறை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கருவி காட்டாத ஓர் எண்ணை நான் எந்தப் பதிவுக்கும் கொடுத்ததில்லை.

“சைபர்” என்றேன்.

மச்சான் பதிந்தார்.

பெனிட்டா மானியை வாங்கிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். அங்கே அவளுக்கு என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

“சரி, போங்க” என்றாள். “வாசலைத் தாண்டுத வரைக்கும் மூஞ்சியக் கொஞ்சம் சைபர் மாதிரி வச்சிக்கிடுங்க. போர்டு போட்டிருக்குல்லா.”